ஒயரைப் புடுங்கிப் பாத்துட்டு வாங்குங்க: போட்டோ பூத் சாஃப்ட்வேர் பத்தி என் அனுபவம்

மதுரையில போட்டோ பூத் வாடகைக்கு விடுற தொழில்ல நாலு வருஷமா இருக்கேன். விசேஷத்துக்கு வர்றவங்க கேமரா முன்னாடி நின்னு, அங்கயே பிரிண்டைக் கையில வாங்கிட்டுப் போற செட்டுதான் போட்டோ பூத், அந்தக் கேமராவையும் பிரிண்டரையும் சேத்து ஓட்டுறது அதோட சாஃப்ட்வேர். அதுக்கு முன்னாடி பெரியப்பா ஸ்டுடியோவுல கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப செல்லூர்ல ஒரு ரூம் புடிச்சு ரெண்டு செட்டு வச்சிருக்கேன், ஒன்னு கேமரா, லேப்டாப்பு, பிரிண்டரோட பெரிய செட்டு, இன்னொன்னு ஐபேடு செட்டு. புதுசா இந்தத் தொழில்ல இறங்குற பயலுக யாராவது வாரத்துக்கு ஒருத்தர் போன் போட்டு "அண்ணே எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்"னு கேக்குறாங்க. கேக்குறவங்க எல்லாருமே கேமராவும் பிரிண்டரும் ஏற்கனவே வாங்கி முடிச்சிருப்பாங்க, சாஃப்ட்வேர் மட்டும் யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க போடுற வீடியோவைப் பாத்து, இதுல ஃபில்டர் நல்லாருக்கு, அதுல பேக்ரவுண்டு தானா மாறுதுன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க. எல்லாருக்கும் தனித்தனியா போன்ல சொல்ற அதே விஷயத்தை இங்க முழுசா எழுதிடுறேன்.

முதல்ல நான் மாட்டுன கதை. உசிலம்பட்டி பக்கம் ஒரு காதணி விழா, தொழில் ஆரம்பிச்சு ஆறாவது ஏழாவது ஆர்டர் அது. அப்ப நான் வச்சிருந்தது ஐபேடுல ஓடுற ஒரு கிளவுட் சாஃப்ட்வேர், அதாவது நெட்டை நம்பி ஓடுறது, பேரு வேண்டாம், மாசாமாசம் பணம் கட்டுற டைப்பு. ரூம்ல வச்சுப் பாத்தப்ப அவ்வளவு அழகா ஓடுச்சு. மண்டபத்துல காலையில பத்தரை மணிக்கு தாய்மாமன் சீர் மேளதாளத்தோட உள்ள வருது, கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், மொய் எழுதுற டேபிளுக்குப் பக்கத்துலயே நமக்கு இடம் குடுத்திருந்தாங்க. மொய் எழுதிட்டு அப்படியே திரும்புனா பூத்து. நல்ல இடம்தான். ஆனா ஒரு மண்டபத்துக்குள்ள ஆயிரம் பேரு போனோட நின்னா டவரு என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்ல. பதினஞ்சு போட்டோ எடுத்திருப்பேன், ஆப்பு மறுபடி லாகின் கேட்டுச்சு. லாகின் போட்டா சக்கரம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டேன், மொட்டைமாடிக்கு ஓடுனேன், தம்பிகிட்ட வேற சிம்மு வாங்கிப் போட்டேன், எதுவும் நடக்கல. குழந்தையோட தாய்மாமன் மாலையும் கழுத்துமா வந்து நின்னு "என்னப்பா தம்பி, மிசினு ஓடலையா?"ன்னு கேட்டாரு. கோவமாக்கூட கேக்கல. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசுல நிக்குது.

அன்னைக்கு பாதிப் பணத்தை நானே திருப்பிக் குடுத்துட்டேன்.

ஆனா அதே மண்டபத்துல ஒன்னு கவனிச்சேன். உசிலம்பட்டி, மதுரை பக்கம் இப்ப மொய் எழுதுறதே கம்ப்யூட்டர்லதான், பேரு ஊரு தொகை எல்லாம் தமிழ்ல டைப் பண்ணி கையோட சின்ன ரசீது பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுறாங்க. எனக்கு ரெண்டு அடி தள்ளி உக்காந்திருந்த அந்த மொய் டேபிள் தம்பி பாட்டுக்கு ஒரு பழைய லேப்டாப்பையும் குட்டி பிரிண்டரையும் வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நிக்காம ரசீதாத் தள்ளிக்கிட்டு இருந்தாப்ல. கூட்டம் கொறஞ்சப்புறம் போய் "உங்களுக்கு எப்படி தம்பி நெட்டு கிடைக்குது"ன்னு கேட்டேன். "நாங்க நெட்டே போடுறதில்லண்ணே, எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கும், ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் பேக்கப்பு"ன்னாப்ல. நமக்கும் அப்படித்தானே இருக்கணும்னு அந்த எடத்துலயே தோணிருச்சு. மொய் எழுதுறவரு லிஸ்ட்டு எப்படித் தொலையக்கூடாதோ அப்படித்தான் நம்ம போட்டோவும்.

அதுக்கப்புறம் எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ட்ரையல் போட்டதும் ஃபில்டர் பக்கமே போறதில்ல. நேரா ஒயரைத்தான் புடுங்குவேன். போட்டோ எடுக்கறதுக்கு மூணு ரெண்டு ஒன்னுன்னு கவுண்டவுன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கேமரா யூஎஸ்பி ஒயரைப் புடுங்கிருவேன். ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு பாப்பேன், இங்கிலீஷ்ல சிவப்புப் பெட்டி ஒன்னு வந்து நிக்குதா, மொத்த சாஃப்ட்வேரும் உறைஞ்சு போகுதா, இல்ல அமைதியா முதல் ஸ்கிரீனுக்குப் போய் ஒயரைத் திரும்பச் சொருகுனதும் கேமராவைத் தானா புடிச்சுக்குதா. அடுத்து பிரிண்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போது சுவிட்சை ஆஃப் பண்ணுவேன், அந்த ஒரு பிரிண்டு போனா போகட்டும், ஆனா வரிசையில அடுத்து நிக்கிற பிரிண்டெல்லாம் மறுபடி சுவிட்சு போட்டதும் வருதா, இல்ல மறந்துருதா. கடைசியா வைஃபையை ஆஃப் பண்ணிட்டு முப்பது நாப்பது போட்டோ எடுப்பேன், அப்புறம் வைஃபை போட்டா அந்த நாப்பதும் வரிசையா நெட்டுல மேல ஏறுதா. இதுல தேறுனாத்தான் அடுத்த பேச்சு.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா நம்ம ஊர் மண்டபத்துல இது எல்லாமே ஒரே நாள்ல நடக்கும். கரண்ட்டு போகும், ஜெனரேட்டர் எடுக்க பத்து செகண்டு ஆகும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, அது ஓடும். ஆனா கேமராவுக்கு நாம நேரா கரண்ட்டுல இருந்து அடாப்டர் குடுத்திருப்போம், கேனான் 1500டி வச்சிருந்தா எல்பி-ஈ10 பேட்டரி எடத்துல டம்மி பேட்டரி, அதாவது பேட்டரி வடிவத்துல இருக்கிற அடாப்டர் முனை போட்டிருப்போம், அது செத்துரும். பிரிண்டரும் செத்துரும். பத்து செகண்டுல கரண்ட்டு வந்ததும் மூணும் மறுபடி ஒன்னோட ஒன்னு சேரணும், அதைச் சேத்து வைக்கிற வேலை சாஃப்ட்வேரோடது. நான் போய் ரீஸ்டார்ட் பண்ற நேரத்துல வரிசையில நிக்கிற குடும்பம் பந்திக்குக் கெளம்பிரும், பந்திக்குப் போனவங்க திரும்ப பூத்துக்கு வர்றது கஷ்டம். சின்ன பிள்ளைக ஓடுற எடத்துல ஒயரு தட்டிவிடுறது தனிக்கதை. முடிஞ்சா கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுருங்க. பிரிண்டரை அதுல சேக்காதீங்க, சூடேத்துற மிசினு அது, கரண்ட்டை ஒரேயடியா இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது.

நான் பாத்ததுல என்னென்ன இருக்குன்னு சொல்றேன். ஸ்பார்க்பூத்னு ஒன்னு, வெப்கேமராவை வச்சே ஓட்டலாம், விண்டோஸ், மேக் ரெண்டுலயும் போடலாம், பழகுறதுக்கு ரொம்ப ஈஸி. வீட்டு பர்த்டே மாதிரி சின்ன விசேஷத்துக்கு கைப்பழக்கம் வர்றதுக்கு இதுல ஆரம்பிக்கலாம். பிரீஸ்னு இங்கிலாந்து கம்பெனி, டிஎஸ்எல்ஆர் ரிமோட் ப்ரோன்னு கேனான் கேமராவை கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டுற சாஃப்ட்வேர்ல ஆரம்பிச்சு பூத்துக்கு வந்தவங்க, அதனால கேமரா செட்டிங் எல்லாம் நுணுக்கமா கைக்கு வரும், ஆனா அதை செட் பண்ண பொறுமை வேணும், ஸ்கிரீன் ஒவ்வொன்னையும் நாமளே கட்டணும். டார்க்ரூம் பூத் விண்டோஸ்ல ஓடுறது, இந்தத் தொழில்ல ரொம்ப நாளா இருக்குறவங்க. கையில காசு இல்ல, ஆனா லினக்ஸ் கொஞ்சம் தெரியும்னா ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல ஓடுற இலவச ஓப்பன் சோர்ஸ் பூத்துகளும் இருக்கு, பைபூத்னு பைத்தான்ல எழுதுனது ஒன்னு, நம்ம இன்ஜினியரிங் காலேஜ் பசங்களுக்கு நல்ல வேலை அது. நான் அதுல ஒரு மாசம் விளையாடுனேன், நல்லாத்தான் ஓடுச்சு, ஆனா முகூர்த்த நாளு காலையில ஏதாவது சிக்கல்னா கேக்க ஆளு இல்லையேன்னு விட்டுட்டேன்.

நான் கடைசியா நின்னது டிஎஸ்எல்ஆர்பூத்துல. பெரிய செட்டு அதுலதான் ஓடுது, விண்டோஸ் லேப்டாப்பு. ஐபேடு செட்டுக்கு அதே கம்பெனியோட லூமாபூத். ஒயர் புடுங்குற பரீட்சையில என் கேமரா, என் பிரிண்டரோட இது தேறுச்சு, உங்க கேமராவோட நீங்களே புடுங்கிப் பாருங்க. எனக்கு இதுல புடிச்சது, போட்டோ எல்லாம் முதல்ல லேப்டாப்புக்குள்ள அந்த விசேஷத்துக்குன்னு இருக்கிற ஃபோல்டர்ல விழுந்துருது, ஒரிஜினல் தனியா, டிசைனோட சேந்த பிரிண்டு காப்பி தனியா. நெட்டு இருந்தாலும் இல்லாட்டியும் படம் எடுத்தா விழுந்துரும், பிரிண்டு வந்துரும். நெட்டு கிடைச்சப்ப மேல ஏறிக்கட்டும். அன்னைக்கு ராத்திரியே அந்த ஃபோல்டரை பென் டிரைவ்ல போட்டு பொண்ணோட அப்பா கையில குடுத்துட்டுத்தான் வண்டி ஏறுவேன், அதுக்கே அடுத்த ஆர்டர் தருவாங்க.

குறைன்னு பாத்தா இதுல செட்டிங் ரொம்ப அதிகம். பழகாத ஆளுகிட்ட விட்டுட்டு வர முடியாது, நான் என் தம்பிக்கு ஒரு வாரம் உக்காந்து சொல்லிக்குடுத்தேன். அப்புறம் லேப்டாப்பு, கேமரா, ஸ்டாண்டு, டச் ஸ்கிரீன், பிரிண்டருன்னு பாரம் ஜாஸ்தி, ஆம்னி வேன் இல்லாம நகர முடியாது. சின்ன வளைகாப்புக்கு, அண்ணா நகர் மாடி வீட்டுக்கெல்லாம் ஐபேடு போதும். ஆளு சின்ன மேடையில நிக்க, கேமரா சுத்தி வந்து எடுக்குற 360 வீடியோ வேணும்னா அது வேற செட்டு, அதுக்கு உங்க சாஃப்ட்வேர் சரியா வருதான்னு தனியாப் பாருங்க.

வாங்குனதும் நான் மாத்துன முதல் செட்டிங் நேரம். இந்த சாஃப்ட்வேர் எல்லாம் வெளிநாட்டு பார்ட்டிக்கு செஞ்சது, மூணு செகண்டு கவுண்டவுன், நாலு போஸு, நாலு படமும் ஒன்னுக்குக் கீழ ஒன்னா வர்ற நீளத் துண்டு, அதைத்தான் ஸ்டிரிப்புங்கிறது. ரெண்டு பேரு உள்ள போய் நாக்கை நீட்டிட்டு வர்றதுக்கு அது சரி. நம்ம ஊர்ல பூத்துக்குள்ள ரெண்டு பேரு வந்து நான் பாத்ததில்ல, "ஏ வாங்கப்பா எல்லாரும்"னு பன்னெண்டு பேரு வருவாங்க, சேலையைச் சரி பண்ணணும், குழந்தையைத் திருப்பணும், மாமாவைப் பந்தியில இருந்து கூப்புடணும். அதனால கவுண்டவுன் ஏழு செகண்டு, ஒரே போஸு, ஆறுக்கு நாலு இஞ்ச் முழுப்படம். இளவட்டங்களுக்கு மட்டும் தனி பட்டன்ல ஸ்டிரிப்பு வச்சிருக்கேன். திரைச்சீலை போட்ட மூடுன பூத்தெல்லாம் நமக்கு வேண்டாம், திறந்த பூத்துதான். அப்புறம் இந்த சாஃப்ட்வேர்ல நம்ம குரலையே போட்டுக்கலாம், என் தங்கச்சி குரல்ல "எல்லாரும் கேமராவைப் பாருங்க"ன்னு பதிஞ்சு போட்டிருக்கேன், இங்கிலீஷ் குரல் வந்தப்ப தயங்கி நின்ன பெரியவங்க இப்ப நிமிந்து பாக்குறாங்க.

பிரிண்டரைப் பத்தி சொல்லாம சாஃப்ட்வேர் பத்திப் பேச முடியாது, ரெண்டும் புருசன் பொண்டாட்டி மாதிரி. நான் வச்சிருக்கிறது டிஎன்பி ஆர்எக்ஸ்1 ஹெச்எஸ். ஒரு ரோல்ல 6க்கு 4 சைஸ்ல 700 பிரிண்டு, ஒரு பாக்ஸுக்கு ரெண்டு ரோலு. இது இங்க் தெளிக்கிற பிரிண்டர் இல்ல, மஞ்சள், மெஜெண்டா, சயான்னு ரிப்பன்ல இருக்கிற சாயத்தைச் சூடேத்தி பேப்பர்ல ஏத்துறது, அதுக்கு மேல கடைசியா கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதனால பேப்பர் நாலு தடவை வெளிய எட்டிப் பாத்துட்டு உள்ள போகும். பிள்ளைக மொத தடவை எட்டிப் பாக்கும்போதே புடிச்சு இழுப்பாங்க, அந்தப் பக்கம் மட்டும் ஒரு ஆளு நிக்கணும். இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, ரிப்பன் எண்ணிக்கை கணக்குதான், கறுப்புப் படம் எடுத்தாலும் வெள்ளைப் படம் எடுத்தாலும் ஒரு பிரிண்டுக்கு ஒரு பங்கு ரிப்பன் போயிரும். அதனால சாஃப்ட்வேர்ல பிரிண்டு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துற வசதி கட்டாயம் வேணும். ஒரு தடவை எடுத்தா எத்தனை காப்பி, மொத்த விசேஷத்துக்கு எத்தனை பிரிண்டு, ரெண்டும் பூட்டி வைக்க முடியணும், நாம இல்லாதப்ப பிள்ளைக பிரிண்டு பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா நிக்கணும். 300 பிரிண்டுன்னு பேசி ஆர்டர் எடுத்துட்டு 520 அடிச்சுட்டு வந்த நாளு எனக்கு உண்டு, அன்னைக்குக் கூலிதான் போச்சு.

ஸ்டிரிப்பு அடிக்கிறவங்களுக்கு ஒன்னு: 6க்கு 4 பேப்பர்ல ஒரே ஸ்டிரிப்பை ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல அடிச்சு நடுவுல பிரிண்டரே வெட்டிக் குடுக்கும். அந்த ரெண்டு இஞ்ச் வெட்டு பிரிண்டர் டிரைவர்ல இருக்கிற செட்டிங், முழுப் படத்துக்கு அது ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா குடும்பப் போட்டோ நடுவுல மாப்பிள்ளை ஒரு பக்கம் பொண்ணு ஒரு பக்கமா வெட்டிரும். ரெண்டு சைஸுக்கும் ரெண்டு பிரிண்டர் செட்டிங்கைத் தனித்தனியா ஞாபகம் வச்சுக்கிற சாஃப்ட்வேரா பாத்து வாங்குங்க.

காகிதத்துல வர்றதுக்கு இருக்கிற மரியாதையை நான் மேலூர் பக்கம் ஒரு அறுபதாம் கல்யாணத்துல பாத்தேன். ஒரு அப்பத்தா, எம்பது வயசு இருக்கும், வெத்தலை போட்டுக்கிட்டே வந்து நின்னாங்க, பேத்தி புடிச்சு நிக்க வச்சு எடுத்தா. பிரிண்டு வந்ததும் சூடா இருக்கும்ல, அதை வாங்கி உள்ளங்கையில வச்சு கண்ணுகிட்டக் கொண்டு போய்ப் பாத்தாங்க. வெத்தலைக்குத் தடவுன சுண்ணாம்பு பெருவிரல்ல இருந்து படத்து மேல ஒட்டிருச்சு, அவங்க முகத்து மேலயே. அய்யோன்னு பதறிட்டாங்க. நான் வாங்கி ஈரத்துணியால தொடைச்சேன், ஒன்னும் ஆகல, கடைசில போடுற அந்தப் பூச்சு இருக்கிறதால சாயம் அசையாது. "இது எனக்கேவாப்பா? காசு எதுவும் குடுக்கணுமா?"ன்னு கேட்டாங்க. இல்ல அப்பத்தா, உங்களுக்குத்தான்னு சொன்னேன். சுருக்குப்பையைத் திறந்து, பாக்கைத் தள்ளிட்டு, மடங்காம ஓரமா சொருகி வச்சுக்கிட்டாங்க. 1925ல நியூயார்க் பிராட்வேயில அனடோல் ஜோசஃபோங்கிறவரு இப்ப இருக்கிற போட்டோ பூத்துக்கு முன்னோடியான தானியங்கி மிசினு கடையைத் திறந்தாரு, 25 சென்ட்டுக்கு எட்டுப் படம், சில நிமிஷம் நிக்கணும், அதுக்கே ஜனங்க வரிசையில நின்னாங்க. நூறு வருஷம் ஆயிருச்சு, ஆளுக கேக்குறது இன்னமும் கையில வர்ற அந்தக் காகிதத்தைத்தான். அதனால சாஃப்ட்வேர் பாக்கும்போது, படத்தை எடுத்ததுல இருந்து பிரிண்டு கையில வர்ற வரைக்கும் எத்தனை ஸ்கிரீன், எத்தனை தட்டு தட்டணும்னு எண்ணிப் பாருங்க. ரெண்டு தட்டுக்கு மேல போனா அப்பத்தாவுக்கு ஆகாது.

தமிழ் எழுத்து விஷயம். பிரிண்டுல கீழ பேரு தமிழ்ல வேணும்னு நம்ம பக்கம் நூத்துக்குத் தொண்ணூறு வீட்டுல கேப்பாங்க, காதணி விழான்னா தாய்மாமன் பேரு கட்டாயம். பத்திரிகை அடிச்ச பிரஸ்ல இருந்து டிசைன் வாங்கிருவோம், அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல இருக்கும். அந்த எழுத்துருவுல உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் உருவம் போத்திருக்கும், உங்க லேப்டாப்புல அந்த எழுத்துரு இல்லன்னா மாப்பிள்ளை பேரு இருந்த எடத்துல இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா நிக்கும். போன்ல அடிக்கிற மாதிரி யூனிகோடு தமிழ்ல அடிச்சா வேற பிரச்சனை, பழைய போட்டோஷாப்புல கொம்பும் காலும் எடம் மாறி நிக்கும், அதுக்கு டைப் செட்டிங்ல வேர்ல்டு ரெடி லேஅவுட்னு இருக்கும், அதை மாத்தணும். நான் பூத் சாஃப்ட்வேருக்குள்ள தமிழே அடிக்கிறதில்ல. போட்டோஷாப்புல 1800க்கு 1200 பிக்சல்ல முழு டிசைனையும் எழுத்தோட சேத்து பிஎன்ஜியா மாத்தி, படம் வர்ற எடத்தை மட்டும் ஓட்டை விட்டு மேல ஒரு லேயரா போட்டுருவேன். பேரை முதல் நாளு ராத்திரியே ஒரு பிரிண்டு அடிச்சு, போட்டோ புடிச்சு வீட்டுக்காரங்களுக்கு வாட்ஸப் பண்ணி "சரிதான்"னு பதில் வாங்கிட்டுத்தான் படுப்பேன். ஓரத்துல எழுத்து வைக்காதீங்க, பிரிண்டர் ஓரத்தைக் கொஞ்சம் முழுங்கும்.

போனுக்குப் படம் அனுப்புற விஷயத்துல வெளிநாட்டு சாஃப்ட்வேர் எல்லாம் எஸ்எம்எஸ், ஈமெயில்னு பெருசா போடுவாங்க. நம்ம ஊர்ல ஈமெயில் ஐடி சொல்ற ஆளு கல்யாண மண்டபத்துல கிடையாது. எஸ்எம்எஸ்ஸும் ஆகாது, தொலைத்தொடர்பு ஆணையம் ட்ராய் 2018ல கொண்டு வந்த விதிப்படி தொழில் முறையில அனுப்புற மெசேஜுக்கு அனுப்புற பேரு, வாசகம் எல்லாம் டிஎல்டிங்கிற பதிவு முறையில முன்னாடியே பதியணும், வெளிநாட்டு சாஃப்ட்வேர் எஸ்எம்எஸ்ஸை நம்பி காசு கட்டாதீங்க. க்யூஆர் கோடு போதும். ஜிபே வந்ததுல இருந்து கருவாட்டுக் கடை வரைக்கும் க்யூஆர் தெரியும், ஸ்கேன் பண்ணி படத்தை எடுத்து அவங்களே வாட்ஸப் ஸ்டேட்டஸ் வச்சுக்கிறாங்க. பெரியவங்களுக்கு பேரன் பேத்தி பண்ணிக் குடுத்துருவாங்க.

ஆனா இந்த க்யூஆர்ல நான் ரொம்பக் கவனமா இருக்கிற எடம் ஒன்னு இருக்கு. சில செட்டிங்ல ஒரு ஆளு ஸ்கேன் பண்ணா மொத்த விசேஷத்துப் படமும் ஒரே கேலரியா திறக்கும். அதை நான் போடவே மாட்டேன். வயசுப் பிள்ளைக படம் எல்லாம் அதுல இருக்கு, பூப்புனித நீராட்டு விழான்னா கேக்கவே வேண்டாம், அந்த லிங்க்கு எங்க எங்க சுத்தும்னு யாருக்குத் தெரியும். அவங்கவங்க க்யூஆர்ல அவங்கவங்க படம் மட்டும்தான் வரணும், மொத்தக் கேலரி லிங்க்கு வீட்டுக்காரங்க கையில மட்டும், அதுவும் பாஸ்வேர்டோட. இது இல்லாத சாஃப்ட்வேர் மத்த எல்லாத்துலயும் நல்லா இருந்தாலும் எனக்கு வேண்டாம். 2023ல தனிநபர் தரவு பாதுகாப்புக்குன்னே சட்டம் வந்திருக்கு, ஆளுக போட்டோ, நம்பர் எல்லாத்துக்கும் ஒப்புதல் வேணும்ங்கிறது அதுல முக்கியமான விஷயம். சட்டத்துக்காக இல்லாட்டியும், ஒரு வீட்டு விசேஷத்துக்குள்ள நம்மை நம்பி விடுறாங்க. நான் ஆர்டர் எடுக்கும்போதே எத்தனை நாள்ல கேலரியை அழிப்பேன்னு சொல்லிருவேன், முப்பது நாளு, அதுக்குள்ள எடுத்துக்கங்கன்னு.

புக்கிங்குக்கு தனி சாஃப்ட்வேர் வேணுமான்னு கேப்பீங்க. செக் செர்ரி மாதிரி போட்டோ பூத் தொழிலுக்குன்னே இருக்கு, ஆன்லைன்ல ஒப்பந்தம், கையெழுத்து, அட்வான்ஸ் எல்லாம் அதுல நடக்கும். நம்ம பக்கம் ஆர்டர் வர்றது மண்டபத்து மேனேஜர் மூலமாவோ, வீடியோ எடுக்குற அண்ணன் மூலமாவோ, "தம்பி வைகாசி முகூர்த்தத்துக்கு வந்துரு"ன்னு ஒரு போன், ஜிபேல ஒரு ஆயிரம் ரூபா, அவ்வளவுதான். கூகுள் கேலண்டர்ல வருஷம் பொறக்கும்போதே முகூர்த்த நாள் எல்லாத்தையும் பஞ்சாங்கம் பாத்து ஏத்தி வச்சிருவேன், ஒரு ஷீட்டுல அட்வான்ஸ், மீதி, பிரிண்டு எண்ணிக்கை. தெளிவா ஒரு வாட்ஸப் மெசேஜு, எத்தனை மணி நேரம், எத்தனை பிரிண்டு, அதுக்கு மேல போனா எவ்வளவு. அது போதும்.

சின்னச் சின்ன விஷயம் ரெண்டு மூணு. கேனான் வச்சிருக்கவங்க கேமராவோட வர்ற ஈஓஎஸ் யூட்டிலிட்டி சாஃப்ட்வேர் லேப்டாப்புல தானா திறக்காமப் பாத்துக்கங்க, அது முந்திக்கிட்டு கேமராவைப் புடிச்சுக்கிட்டா பூத் சாஃப்ட்வேருக்குக் கேமரா தெரியாது, நிறைய பேரு இதுக்கே சாஃப்ட்வேரைத் திட்டுறாங்க. கேமராவுல ஆட்டோ பவர் ஆஃப்பை நிறுத்திருங்க. விண்டோஸ் அப்டேட்டை விசேஷத்துக்கு ரெண்டு நாளு முன்னாடியே முடிச்சு வச்சிருங்க, மண்டபத்துல நெட்டு கொடுத்ததும் அது இழுக்க ஆரம்பிச்சா லேப்டாப்பு திணறும். லைசன்ஸ் எத்தனை லேப்டாப்புல போடலாம், லேப்டாப்பு கெட்டா வேற மிசினுக்கு மாத்த முடியுமா, நெட்டு இல்லாம எத்தனை நாளு ஓடும்னு வாங்குறதுக்கு முன்னாடியே மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. இந்தக் கடைசிக் கேள்வியை நான் முன்னாடியே கேட்டிருந்தா உசிலம்பட்டியில அப்படி நின்னிருக்க மாட்டேன்.

ட்ரையல் எப்பப் போடலாம்னா ஆடி மாசம்தான். கல்யாணம் இருக்காது, பிரிண்டர் சும்மா தூங்கும், மண்டபமும் சும்மா கெடக்கும். தெரிஞ்ச மண்டபத்து வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொல்லி ஒரு சாயங்காலம் செட்டைக் கொண்டு போய் அங்கயே விரிச்சு, அக்கம்பக்கத்துப் பிள்ளைக பத்துப் பேரைக் கூப்புட்டு, மெயின் சுவிட்சை அவரையே ரெண்டு தடவை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. நான் இந்த வருஷமும் விளாங்குடியில ஒரு மஹால்ல அப்படித்தான் பண்ணப் போறேன், புதுசா வாங்குன லேப்டாப்பு ஒன்னு இருக்கு, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள அதைத் தேத்தணும். யாராவது கூட வந்து பாக்கணும்னா வாங்க, உங்க கேமராவையும் கொண்டு வாங்க.